காமன் கூத்துப் பதிவுகள் உள்ள எஸ்எஸ்டி, கையில் 5000 ரூபா: எந்தக் கேசிங் வாங்குவது?

மஸ்கெலியா மழை

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் அவசரமாக உதவி வேண்டும். போன மாதம் ஒரு சாயந்தரம் இடி மின்னலோடு மழை கொட்டியபோது சார்ஜரில் செருகியபடியே கிடந்த என் லெப்டொப் போய்விட்டது. ஹட்டனில் ஒரு திருத்தும் கடையில் கொடுத்தேன். மதர்போட் எரிந்துவிட்டது, அதை மாற்றுகிற காசுக்குப் பாவித்த லெப்டொப் ஒன்றே வாங்கலாம் என்று சொல்லி, உள்ளே இருந்த எஸ்எஸ்டியை, அதாவது ஃபைல்கள் எல்லாம் சேமிக்கிற பலகையை, மட்டும் கழற்றிச் சின்னப் பொலித்தீன் பையில் போட்டுத் தந்தார்கள். ஒரு விரல் நீளம்தான் இருக்கிறது, 512 ஜிபி.

என்னுடைய எல்லாமே அதற்குள்தான். எங்கள் தோட்டத்தில் 2022, 2023, 2024 மூன்று வருடமும் மாசியில் ரதி மன்மதன் கதையைக் காமன் கூத்தாக ஆடியதை, கம்பம் ஊன்றுகிற நாளிலிருந்து காமன் எரிகிற இரவு வரைக்கும், நானே நின்று எடுத்திருக்கிறேன். அதில் தப்புப் பறை அடித்த பெரியவர் ஒருவர் இப்போது இல்லை. அப்புறம் எங்கள் அப்பாயி பாடிய தாலாட்டும் கொழுந்து மலையில் பாடுகிற பாட்டுகளும் தனித்தனி ஆடியோவாக இருக்கின்றன, அப்பாயியும் போன வருடம் தவறிவிட்டார். எல்லாம் சேர்த்து ஒரு 300 ஜிபி வரும். வேறு எங்கேயும் நகல் இல்லை.

இந்த எஸ்எஸ்டியை உள்ளே போட்டு யூஎஸ்பி வயரால் வேறு கணினியில் செருகுகிற பெட்டிதான் கேசிங். அந்தக் கடையிலேயே எம்.2 (இந்த மாதிரி ஒல்லியான எஸ்எஸ்டியின் வடிவம்) கேசிங் என்று பிளாஸ்டிக்கில் ஒன்று இருக்கிறது, மலிவு, எதைப் போட்டாலும் வேலை செய்யும் என்கிறார்கள். டவுனில் இன்னொரு கடையில் அலுமினியத்தில் ஒன்று, விலை இரண்டு மடங்குக்கு மேல். ஒன்லைனில் பார்த்தால் 10 ஜிபிபிஎஸ், 20 ஜிபிபிஎஸ், 40 ஜிபிபிஎஸ் என்று வேகக் கணக்கில் தலை சுற்றுகிறது. என்னால் 5000 ரூபா வரை போடலாம். இப்போதைக்கு சித்தப்பா மகனின் லெப்டொப்பில்தான் போட்டுப் பார்க்க வேண்டும், அதில் நீல நிற யூஎஸ்பி துவாரம் இரண்டு இருக்கிறது, டைப் சி இல்லை. பிறகு என் போனிலும் போட்டுப் பார்க்க முடிந்தால் நல்லது. இதற்காகக் கொழும்புக்குப் போக வேண்டுமா? எங்கள் லயத்துக் காம்பராவில் (அறையில்) மழைக்காலத்தில் சுவரே ஈரமாக இருக்கும், அது எஸ்எஸ்டியைக் கெடுக்குமா என்றும் யாராவது சொல்லுங்கள்.


பண்டாரவளைப் பட்டறை

தம்பி, காசை எடுக்க முன்னால் அந்த எஸ்எஸ்டியை வெளிச்சத்தில் பிடித்துப் பார். ஒரு முனையில் தங்க நிறத்தில் பட்டிகள் வரிசையாக இருக்கும், அந்த வரிசையில் ஒரு வெட்டா, இரண்டு வெட்டா? எந்தக் கேசிங் என்பதில் பாதி விடை அங்கேதான் இருக்கிறது, கடையில் இல்லை.

ஒரே வெட்டு, அந்த வெட்டுக்கு அப்பால் ஓரத்தில் ஒரு பக்கம் ஐந்து பட்டி, திருப்பினால் நாலு பட்டி என்றால் அந்த வெட்டுக்குப் பெயர் எம் கீ, எஸ்எஸ்டி அநேகமாக என்விஎம்இ என்ற வேகமான வகை. இரண்டு பக்கமும் வெட்டு இருந்தால் பெரும்பாலும் சாட்டா என்ற பழைய வகை. பெரும்பாலும் என்று சொல்வதற்குக் காரணம், இரண்டு வெட்டோடு வந்த என்விஎம்இயும் சில இருக்கின்றன, ஆகவே வெட்டை மட்டும் நம்பாமல் ஸ்டிக்கரில் உள்ள மொடல் நம்பரையும் தேடிப் பார். இரண்டுமே எம்.2 தான், பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும், ஆனால் பேசுகிற பாஷை வேறு. சாட்டாவுக்கு மட்டும் செய்த கேசிங்கில் என்விஎம்இயைப் போட்டால் கணினிக்கு அது தெரியவே தெரியாது. மலிவான பிளாஸ்டிக் கேசிங்கில் எம்.2 என்று மட்டும் அச்சடித்திருந்தால் அது அநேகமாக சாட்டாவுக்கு மட்டும்தான். எதைப் போட்டாலும் வேலை செய்யும் என்ற பேச்சை அதனால்தான் நம்ப வேண்டாம் என்கிறேன்.

இரண்டாவது, உள்ளே இருக்கிற சிப். கேசிங் என்பது வெறும் பெட்டி இல்லை, எஸ்எஸ்டி பேசுவதை யூஎஸ்பிக்கு மாற்றிச் சொல்கிற ஒரு சின்ன சிப் அதற்குள் இருக்கிறது. நீ காசு கொடுப்பது அதற்குத்தான். ரியல்டெக் ஆர்டிஎல்9210பி என்றால் என்விஎம்இ, சாட்டா இரண்டையும் எடுக்கும். ஜேமைக்ரோன் ஜேஎம்எஸ்583, ஏஎஸ்மீடியா ஏஎஸ்எம்2362 இரண்டும் என்விஎம்இக்கு மட்டும். மூன்றுமே 10 ஜிபிபிஎஸ். விற்கிறவர் சிப்பின் பெயரைச் சொல்லமாட்டார், பக்கத்திலும் போடவில்லை என்றால் அதை விட்டுவிட்டு அடுத்ததைப் பார். என் பட்டறைக்கு வருகிறவர்களுக்கு நான் ஆர்டிஎல்9210பி உள்ளதைத்தான் சொல்வது, பிறகு வேறு லெப்டொப்பில் கழற்றிய சாட்டா ஒன்று கையில் வந்தாலும் அதே கேசிங்கில் போடலாம்.

20, 40 எல்லாம் உனக்கு வேண்டாம். 20 ஜிபிபிஎஸ் வேலை செய்ய லெப்டொப்பிலும் ஜென் 2x2 என்ற துவாரம் இருக்க வேண்டும், அது மிகக் குறைந்த லெப்டொப்புகளில்தான் இருக்கிறது, இல்லாவிட்டால் 10க்கு இறங்கிவிடும். 40 என்றால் யூஎஸ்பி4 அல்லது தண்டர்போல்ட், உன் காசுக்கு எட்டாது. சித்தப்பா மகனின் நீலத் துவாரம் அநேகமாக 5 ஜிபிபிஎஸ், அதில் செக்கனுக்கு 400 எம்பி சொச்சம் கிடைக்கும். 300 ஜிபிக்கு அதுவே தாராளம்.

நீளத்தையும் அளந்து பார். 2280 என்றால் 22 மில்லிமீற்றர் அகலம், 80 நீளம். நீ விரல் நீளம் என்கிறாய், அதுவாகத்தான் இருக்க வேண்டும். 2242, 2230 என்று குட்டையாகவும் வருகின்றன, அப்படியென்றால் கேசிங்கில் அந்த இடத்தில் திருகுத் துளை இருக்கிறதா என்று பார்த்து வாங்கு.

இன்னொன்று, இப்படிச் சொன்னால் எனக்கு வியாபாரம் இல்லை, ஆனாலும் சொல்கிறேன். நகல் எடுப்பது மட்டும்தான் நோக்கம் என்றால், தெரிந்தவர் யாரிடமாவது எம்.2 துவாரம் உள்ள மேசைக் கணினி இருந்தால் அதில் நேரே போட்டே எடுத்துக்கொள்ளலாம், ஒரு ரூபாவும் செலவில்லை.


மஸ்கெலியா மழை

நன்றி அண்ணே. இப்போதுதான் ஜன்னலோரம் வைத்துப் பார்த்தேன். ஒரே வெட்டு. ஓரத்தில் ஐந்து, திருப்பினால் நாலு, நீங்கள் சொன்ன மாதிரியே. ஸ்டிக்கரில் சின்ன எழுத்தில் என்விஎம்இ என்றும் இருக்கிறது. அடிமட்டம் வைத்து அளந்தேன், சரியாக 8 சென்ரிமீற்றர். மேசைக் கணினி வைத்திருக்கிற ஆள் எங்கள் பக்கம் யாரும் இல்லை, அதனால் கேசிங்தான். அந்தப் பிளாஸ்டிக்கை வாங்காமல் விட்டது நல்லதாகப் போயிற்று.


கொட்டகலை டீச்சர்

தம்பி, நான் கணினி படித்தவள் இல்லை, பாடசாலையில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். ஆனால் இதே மாதிரி ஒரு காரியத்தில் கையைச் சுட்டுக்கொண்டவள் என்பதால் எழுதுகிறேன்.

பிள்ளைகளின் நாடக வீடியோக்களை ஒரு என்விஎம்இயில் வைத்திருந்தேன். கேசிங் நல்ல அலுமினியம்தான். கேபிள்தான் கூட வந்ததைக் காணாமல் போட்டுவிட்டேன், ஆகவே போன் சார்ஜர் வயரைச் செருகினேன், இரண்டும் டைப் சி தானே என்ற நினைப்பில். செக்கனுக்கு 35 எம்பிக்கு மேல் ஏறவில்லை. கேசிங் பழுது என்று திருப்பிக் கொடுக்கப் போன இடத்தில் கடைப் பொடியன் வேறு வயரைப் போட்டுக் காட்டினான், பத்து மடங்கு வேகம். சார்ஜர் வயர்களில் நிறைய உள்ளே பழைய யூஎஸ்பி 2.0 கம்பி மட்டும்தானாம். உங்கள் 300 ஜிபியைக் கணக்குப் பாருங்கள், 40 எம்பி வேகத்தில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல், 400 எம்பியில் பதின்மூன்று நிமிடம் கூட ஆகாது. எங்கள் பக்கம் மழை நாளில் இரண்டு மணித்தியாலம் கரண்ட் நிற்குமா என்று உங்களுக்கே தெரியும். உங்களுக்கு ஒரு முனை சாதாரண யூஎஸ்பி, மறு முனை டைப் சி உள்ள வயர் வேண்டும். கேசிங் பெட்டிக்குள் அது இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள், சிலவற்றில் சி டு சி மட்டும்தான் வரும்.

அடுத்தது சூடு. இங்கே குளிர்தானே, சூடு எங்கே வரப்போகிறது என்று நானும் நினைத்தேன். தொடர்ந்து நகல் எடுக்கும்போது மார்கழிக் குளிரிலும் அந்தப் பெட்டியைக் கையில் பிடிக்க முடியாத அளவுக்குச் சுடும். முதல் தடவை எனக்கு நடுவில் துண்டித்துக்கொண்டு போனது, அப்போது எழுதிக்கொண்டிருந்த ஒரு வீடியோ திறக்கவே இல்லை. திறந்து பார்த்தால், சூட்டைக் கடத்துவதற்கு ஒரு மெத்தையான பட்டை கொடுத்திருந்தார்களே, அதன் ஒரு பக்கத்துப் பொலித்தீன் தாளை நான் உரிக்கவே இல்லை. இரண்டு பக்கமும் கண்ணாடி மாதிரி மெல்லிய தாள் ஒட்டியிருக்கும், நகத்தால் சுரண்டினால்தான் தெரியும். இரண்டையும் உரித்து, ஒரு பக்கம் எஸ்எஸ்டியின் சிப்புகளிலும் மறு பக்கம் மூடியின் உலோகத்திலும் படுகிற மாதிரி வைக்க வேண்டும். பிளாஸ்டிக் பெட்டியில் இந்தச் சூடு போக வழியே இல்லை, அலுமினியத்துக்குக் கூடக் கொடுக்கிற காசு அதற்குத்தான்.

செருகும்போது நேராக அழுத்தாதீர்கள். சாய்வாக உள்ளே விட்டால் மறு முனை கொஞ்சம் தூக்கிக்கொண்டு நிற்கும், அதை மெதுவாகப் படிய வைத்துத் திருகை அல்லது ரப்பர் முளையைப் போட வேண்டும். யூஎஸ்பி ஹப்பிலும் போடாதீர்கள், லெப்டொப்பிலேயே செருகுங்கள். என்விஎம்இ எழுதும்போது நன்றாகக் கரண்ட் இழுக்கும், யூஎஸ்பி 3 துவாரம் ஒன்று கொடுப்பது 900 மில்லி அம்பியர், அதையும் நாலு பேருக்குப் பங்கு போட்டால் போதாது.

ஈரத்தைப் பற்றிக் கேட்டீர்கள். சுவர் ஈரம் நேரே ஒன்றும் செய்யாது, ஆனால் பனியில் குளிர்ந்த உலோகப் பெட்டியை அடுப்பு எரிகிற அறைக்குள் கொண்டுவந்து உடனே செருகினால் மேலே வேர்த்துவிடும். பையோடு அரை மணித்தியாலம் வைத்துவிட்டுத் திறங்கள். இடி முழங்கத் தொடங்கினால் சார்ஜரைச் சுவரிலிருந்தே பிடுங்கிவிட்டு பற்றரியில் ஓட விடுங்கள், உங்களுக்கு நான் அதைச் சொல்ல வேண்டியதில்லை. சித்திரையிலும் ஐப்பசியிலும் சாயந்தரத்து இடி இங்கே எப்படி என்று எல்லாருக்கும் தெரியும், காலையிலேயே வேலையை முடித்துக்கொள்ளுங்கள்.

காமன் கூத்தைப் பதிவு செய்து வைத்திருக்கிறீர்கள் என்று வாசித்ததும் மனம் நிறைந்துவிட்டது. 2023 இல் நம் மக்கள் மலையகத்துக்கு வந்து 200 வருடம் என்று, மலையகம் 200 என்று எல்லாரும் பேசியபோது எங்கள் பாடசாலையில் பிள்ளைகளுக்குக் காட்ட ஒரு முழு இரவுக் கூத்துப் பதிவு தேடி எனக்குக் கிடைக்கவில்லை. பத்திரம் தம்பி.


பதுளை இரவு ரயில்

மேலே இரண்டு பேரும் சொன்னது எல்லாம் சரி. ஆனால் யாரும் கேட்காத ஒன்று, வாங்க முன்னால் பார்க்க வேண்டியது. லெப்டொப் விண்டோஸ் 10 அல்லது 11 ஆக இருந்து, மைக்ரோசொஃப்ட் கணக்கில் உள்நுழைந்து பாவித்திருந்தால், நீங்கள் கேட்காமலே டிஸ்க் பூட்டப்பட்டிருக்க இடமிருக்கிறது. பிட்லொக்கர் என்பார்கள். உள்ளே இருக்கும்வரை லெப்டொப்பே திறந்துகொடுக்கும், உங்களுக்குத் தெரியவே வராது. கழற்றி வேறு கணினியில் போட்டதும் 48 இலக்க மீட்புச் சாவி கேட்கும். எவ்வளவு நல்ல கேசிங் வாங்கினாலும் அந்தச் சாவி இல்லாமல் உள்ளே ஒன்றும் எடுக்க முடியாது.

பயப்பட வேண்டாம், அப்படிப் பூட்டியிருந்தால் சாவி அநேகமாக அந்தக் கணக்கிலேயே சேமிக்கப்பட்டிருக்கும். போனிலேயே அந்த மின்னஞ்சலால் மைக்ரோசொஃப்ட் கணக்கில் நுழைந்து, சாதனங்கள் பகுதியில் மீட்புச் சாவி இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். லெப்டொப்பை முதன்முதலில் அமைத்தவர் வேறு யாராவது என்றால் அவருடைய கணக்கில் இருக்கலாம். பூட்டிய டிஸ்க் போனில் திறக்காது, கணினியில்தான் திறக்க வேண்டும்.

செருகியதும் இந்த டிஸ்க்கை ஃபோர்மட் செய்ய வேண்டும் என்றோ இனிஷியலைஸ் என்றோ ஏதாவது கேட்டால் எந்தக் காரணத்துக்காகவும் சரி என்று அழுத்தாதீர்கள். மூடிவிட்டு இங்கே வந்து கேளுங்கள். யூசர்ஸ் ஃபோல்டரைத் திறக்கும்போது அனுமதி இல்லை என்று சொல்லும், அதற்கு மட்டும் தொடரலாம்.

கொழும்புக்குப் போக வேண்டாம். பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் ஏறி இறங்கினால் பத்துக் கடையில் விலை கேட்கலாம் என்பது உண்மைதான், ஆனால் போய் வருகிற செலவும் சாப்பாடும் சேர்ந்து உங்கள் ஐயாயிரத்தில் பாதியைத் தின்றுவிடும். உங்கள் லயத்திலிருந்து கொழும்பில் வேலை செய்கிற பொடியன் எவனாவது தீபாவளிக்கு வருவான் இல்லையா, அவனிடம் சிப்பின் பெயரை எழுதி அனுப்புங்கள், வாங்கி வரச் சொல்லுங்கள். இல்லையென்றால் அந்த டவுன் கடை அலுமினியத்தையே பெட்டியோடு போட்டோ எடுத்து இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறோம். கையில் பிடித்துப் பார்த்து, வேலை செய்யாவிட்டால் திருப்பிக் கொடுக்கக்கூடிய கடை பக்கத்தில் இருப்பது பெரிய விசயம்.

ஒரு இடத்தில் மட்டும் எனக்கு வேறு அபிப்பிராயம். கேசிங் வாங்கியதும் இந்த எஸ்எஸ்டியையே நிரந்தரமாகப் பதிவுகள் வைக்கிற பெட்டியாக ஆக்கிவிட வேண்டாம். எஸ்எஸ்டி கரண்ட் இல்லாமல் அலமாரியில் வருடக்கணக்கில் தூங்குவதற்குச் செய்தது இல்லை. நன்றாகத் தேய்ந்த ஒன்று கரண்ட் இல்லாமல் 30 பாகை வெப்பத்தில் ஒரு வருடம் தரவைக் காப்பாற்ற வேண்டும் என்பதுதான் அதற்கான தர அளவே. புதியது அதைவிட நிறையக் காலம் தாங்கும், ஆனாலும் அப்பாயியின் குரலை அதில் மட்டும் விட்டுவைக்க மாட்டேன். ஒரு சாதாரண 1 டிபி ஹாட் டிஸ்க்கில் இன்னொரு நகல், அதை வேறு ஒரு வீட்டில் வையுங்கள்.


பண்டாரவளைப் பட்டறை

பிட்லொக்கர் விசயத்தை நான் மறந்தே போனேன், நல்லவேளை சொன்னீர்கள். ஹாட் டிஸ்க் வாங்கினால் எக்ஸ்ஃபெட் என்ற அமைப்பில் வைத்துக்கொள் தம்பி, விண்டோஸும் வாசிக்கும், இப்போதைய போன்களில் பலதும் வாசிக்கும். ஃபெட்32 வேண்டாம், 4 ஜிபிக்கு மேல் ஒரே ஃபைலை ஏற்காது, ஒரு இரவுக் கூத்து வீடியோ அதற்குள் அடங்காது. ஹாட் டிஸ்க்குக்கு எழுதும்போது வேகம் செக்கனுக்கு 100 எம்பி அளவுதான் வரும், ஆகவே டீச்சர் சொன்ன பதின்மூன்று நிமிடத்தை எதிர்பார்க்காதே, ஒரு மணித்தியாலம் வைத்துக்கொள்.


மஸ்கெலியா மழை

பதினோரு நாள் கழித்து எழுதுகிறேன், மன்னிக்க வேண்டும்.

முதலில் சாவியைத் தேடினேன். என் மின்னஞ்சலில் இல்லை, வயிற்றைக் கலக்கிவிட்டது. அப்புறம்தான் ஞாபகம் வந்தது, லெப்டொப்பை வாங்கிய அன்று அக்காதான் தன் கணக்கைப் போட்டுத் தொடக்கியது. அக்கா இப்போது வெளிநாட்டில், இரவு போன் எடுத்து அவரை நுழையச் சொன்னேன். இருந்தது. 48 இலக்கத்தையும் அவர் ஆறு ஆறாக வாசிக்க நான் கொப்பியில் எழுதினேன், இரண்டு முறை திருப்பி வாசித்துச் சரிபார்த்தோம்.

டவுன் கடை அலுமினியத்தின் பெட்டியில் பின்பக்கம் சின்னதாக ஆர்டிஎல்9210பி என்று போட்டிருந்தது, வயரும் நான் கேட்ட மாதிரியே ஒன்று உள்ளே இருந்தது. பேரம் பேசி 5000க்குள் எடுத்தேன். வேலை செய்யாவிட்டால் ஒரு கிழமைக்குள் கொண்டுவா என்று பில்லில் எழுதித் தந்தார்கள். பட்டையின் இரண்டு தாளையும் உரித்தேன் டீச்சர், இரண்டாவது தாள் உண்மையிலேயே கண்ணுக்குத் தெரியவில்லை, விளக்குக்கு நேரே சாய்த்துப் பிடித்துத்தான் விளிம்பைக் கண்டுபிடித்தேன்.

காலை ஆறு மணிக்கு, மழை தொடங்க முன்னால், சித்தப்பா மகனின் லெப்டொப்பில் செருகினோம். சாவி கேட்டது, போட்டோம், திறந்தது. முதலில் திறந்து பார்த்தது 2023 மாசி, ரதி அழுகிற கட்டம். அந்தப் பெரியவரின் தப்புச் சத்தம் கேட்டதும் சித்தப்பா அடுப்படியிலிருந்து ஓடி வந்து வாசலில் நின்றார், கொஞ்ச நேரம் யாரும் ஒன்றும் பேசவில்லை.

சித்தப்பாவிடம் கடன் வாங்கிய பழைய ஹாட் டிஸ்க் ஒன்றுக்கு இப்போது நகல் ஓடிக்கொண்டிருக்கிறது, 71 வீதம். கேசிங் சுடுகிறது, ஆனால் கையில் பிடிக்கலாம். டீச்சர், முடிந்ததும் 2024 முழு இரவையும் உங்கள் பாடசாலைக்கு ஒரு பிரதி தருகிறேன், கொட்டகலையில் எங்கே கொண்டுவந்து தரலாம் என்று தனியாகச் செய்தி போடுங்கள். 64 ஜிபி பென் டிரைவ் ஒன்று இருந்தால் போதும்.